இடது கால், முழங்காலுக்குக் கீழ்

நான் ஃபாரம் எழுதிப் பிழைக்கிறவன். பாலத்தின் எங்கள் பக்க முனையில், சோதனைச் சாவடியின் கம்பி வேலிக்கு வெளியே, தூங்குமூஞ்சி மரத்தடியில் என் மேஜை. பதினெட்டு வருடமாக அங்கேதான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தாய்லாந்துக்குப் போக ஒருநாள் பாஸ், ஒருவாரப் பாஸ், அடையாள அட்டைக்கு மனு, தொலைந்த அட்டைக்கு மனு என்று எல்லாம் என் கையெழுத்தில்தான் உள்ளே போகும். பெயர் ஓன் பே. ஊரில் எல்லாரும் ‘சயா’ என்பார்கள்; நாலு வரி பிழையில்லாமல் எழுதினால் எங்களுக்கு அவன் வாத்தியார். கோபக்காரன் என்றும் சொல்வார்கள். அந்தச் சாவடிக்கு எதிரில் பதினெட்டு வருடம் உட்கார்ந்த பிறகும் ஒருவன் சாந்தமாக இருந்தால் அவனை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மா ஸபே பாலத்தில் வருவதைப் பார்த்தேன். கன்னத்தில் தனகா மரப்பட்டை அரைத்த பூச்சு வியர்வையில் கரைந்திருந்தது. பழைய லுங்கியில் சுற்றிய நீளமான ஒரு பொருளை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு, கூட்டத்தில் யாரும் இடித்துவிடாதபடி கைப்பிடிச் சுவரை ஒட்டியே வந்தாள். உள்ளே இருந்தது அவள் புருஷன் கோ லுன் மௌங்கின் கால்.

அவனுக்கு இடது கால் போய் ஐந்து வருடம் ஆகிறது. அப்போது மலைப்பாதையில் மக்காச்சோள மூட்டை சுமந்துகொண்டிருந்தான். முப்பது மைல் ரோட்டில் ஆறு சோதனைச் சாவடி. ஒவ்வொன்றிலும் மூட்டையை இறக்கு, ஏற்று, காசு கொடு. சலித்துப்போய் ஒருநாள் ரோட்டை விட்டுக் காட்டுவழியில் இறங்கினான். கண்ணிவெடி. யார் புதைத்தது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மா ஸபே அன்றைக்கே புத்தர் கோயிலுக்கு, பகோடாவுக்குப் போய்ச் சத்தியம் செய்துவிட்டு வந்தாள். இனி தன் வீட்டில் யாரும் குறுக்குவழியில் காலெடுத்து வைப்பதில்லை, போனால் நேர்வழி, கேட்டு, முத்திரை. அந்தச் சத்தியத்தை அவள் எவ்வளவு இறுகப் பிடித்திருந்தாள் என்பது என்னைப்போல அவளுக்குப் பாஸ் எழுதிக்கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

அக்கரையில் ஒரு மருத்துவமனையில் இலவசமாகக் கால் செய்து தருகிறார்கள். போன மாதம் கோ லுன் மௌங் போய், அளவு கொடுத்து, இரண்டு வாரம் அங்கேயே தங்கி நடந்து பழகினான். கடைசி நாளில் மீதிக் காலின் முனையில் புண் வந்துவிட்டது. புண் ஆறட்டும், அதற்குள் மீதிக் கால் உட்காருகிற கிண்ணத்தைச் சீவிச் சரிசெய்து வைக்கிறோம் என்று காலை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அதை வாங்கத்தான் மா ஸபே போயிருந்தாள். இங்கே அரிசி ஆலையில் காவலாளி வேலை ஒன்று அவனுக்காகக் காத்திருந்தது. முதலாளி ஊ அய்க் சொன்னது ஒன்றே ஒன்று: “திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு வா. மில்லச் சுத்தி ஒரு சுத்து நடந்து காட்டு. கட்டை ஊணாம நடந்தா வேல உனக்கு. இல்லன்னா அடுத்தவன வச்சுக்குவேன்.”

கவுண்டரில் அதிகாரி ஊ மின் ஹான் இருந்தார். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்து நாலு மாதம். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. மா ஸபே லுங்கியைப் பிரித்தாள். சதை நிற பிளாஸ்டிக், முழங்காலுக்கு மேல் கட்டத் தோல்வார், பாதத்தில் நீலக் கான்வாஸ் ஷூ.

“என்ன இது?”

“கால்ங்க.”

“யாரு காலு?”

“எங்க வீட்டுக்காரரோடது.”

“அவரு எங்க?”

“வீட்லங்க.”

“அவரு வீட்ல இருக்காரு. அவரு கால் மட்டும் எல்லை தாண்டி வருது.” அவர் கிண்டல் செய்யவில்லை. ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார். ஷூவைத் திருப்பிப் பார்த்தார். “ஒத்த ஷூவா? இன்னொண்ணு?”

“அது இன்னொரு கால்ல இருக்குங்க.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மா ஸபே சிரிக்கவில்லை. அவர் கனமான புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். கையில் கொண்டுவந்தால் அது மருத்துவச் சாதனம், தலைநகரத்தில் இறக்குமதி லைசென்ஸ் வாங்க வேண்டும். உடம்பில் மாட்டிக்கொண்டு வந்தால் அது உடம்பு. உடம்புக்கு லைசென்ஸ் கிடையாது.

மா ஸபே கம்பி வழியாக என்னைப் பார்த்தாள். நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

“ஐயா, அந்தக் கால எவனாவது கடையில வச்சு விப்பானா? இந்த ஒரு ஆளுக்கு அளவெடுத்துச் செஞ்சது. வேற எவனுக்கும் சேராது.”

“சயா, நீங்க ஃபாரம் எழுதுறவரு. நான் படிக்கிறவன். என்ன எழுதியிருக்கோ அதத்தான் படிக்கிறேன்.”

இவருக்கு முன்னால் இருந்தவராயிருந்தால் இரண்டு பாக்கெட் சிகரெட்டோடு முடிந்திருக்கும். கை நீட்டுகிறவனுக்கு நம்மிடமிருந்து ஏதோ ஒன்று வேண்டும், அதனால் அவனோடு பேசலாம். இந்த மனிதருக்கு எதுவும் வேண்டாம். நேர்மையானவர். அந்த நேர்மையை வைத்துக்கொண்டு நாலு மாதமாக ஜனங்களை என்ன பாடு படுத்துகிறார் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதலாம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவருடைய கவுண்டர் ஜன்னலிலிருந்து பார்த்தால் நேர் கீழே ஆறு. அங்கே லாரி டியூப்களை மூங்கிலில் கட்டி நாள் முழுக்கச் சாமான் ஏற்றி இறக்குகிறார்கள். வாஷிங் மெஷின் வரும், பீர்ப் பெட்டி வரும், மோட்டார் சைக்கிள் வரும், போன வாரம் உயிரோடு ஒரு பன்றி வந்தது. கரையில் பட்டைபட்டையாகக் கலர் போட்ட குடைக்குக் கீழே ஒருவன் தகர டப்பாவோடு உட்கார்ந்து, சாமான் ஒன்றுக்குத் தாய்லாந்துக் காசில் இருபது பாட் வாங்குவான். சாயங்காலம் அந்த டப்பா எந்தக் கட்டடத்துக்குள் போகிறது என்பது ஊருக்கே தெரியும். ஒருமுறை நான் ஊ மின் ஹானிடமே கேட்டுவிட்டேன். “அது என் கவுண்டர் இல்ல” என்றார்.

டியூப் தள்ளுகிற போ தோக் கீழேயிருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தான். வாயில் வெற்றிலையோடு கத்தினான்:

“அக்கா, எதுக்கு மேல நின்னு மல்லுக்கட்டுற? கீழ வா. உன் கால நான் கொண்டுபோறேன். ஃப்ரிஜ்ஜே நனையாமப் போவுது, காலு போவாதா?”

“நீ உன் வேலயப் பாரு,” என்றாள் மா ஸபே. என் பக்கம் திரும்பி, “சயா, மாட்டிட்டு வந்தா விடுவாங்கல்ல? அவர வரச் சொல்லுங்க. இங்கயே மாட்டிட்டு நடக்கட்டும்,” என்றாள்.

நல்ல யோசனையாகத்தான் எனக்கும் பட்டது. மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரனை அனுப்பினேன். பன்னிரண்டு மணிக்குக் கோ லுன் மௌங் இரண்டு ஊன்றுகோலோடு வந்து இறங்கினான். ஒருநாள் பாஸ் எழுதிக்கொடுத்தேன். ஊ மின் ஹான் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், தொங்குகிற லுங்கியைப் பார்த்தார், முத்திரை குத்தி வெளியே விட்டார்.

பாலத்தின் நடுவே, எல்லை காட்டும் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், நடைமேடையில் அவன் உட்கார்ந்தான். மா ஸபே மண்டியிட்டு அவனுக்குத் துணி உறை மாட்டி, கிண்ணத்தைப் பொருத்தி, வாரை இழுத்துக் கட்டினாள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் எழுந்தான். ஊன்றுகோல்களை அவள் வாங்கிக்கொண்டாள். பத்தடி வரை கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தவன், அப்புறம் கையை எடுத்துவிட்டான். கூடை சுமந்துவந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இருநூறு அடிக்குமேல் இருக்கும். அவ்வளவு தூரமும் அவன் நிமிர்ந்து வந்தான், நீல ஷூ தரையில் பதியும்போது மட்டும் முகம் லேசாகச் சுளித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கவுண்டரில் அட்டையை நீட்டினான். ஊ மின் ஹான் வாங்கிப் படித்தார். எங்கள் நாட்டு அட்டையில் ‘அடையாளம்’ என்று ஒரு வரி உண்டு. மச்சமோ தழும்போ எழுதுவார்கள். அவர் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார்.

“இடது கால், முழங்காலுக்குக் கீழ் இல்லை.”

கவுண்டரிலிருந்து எட்டிக் கீழே பார்த்தார்.

“இருக்கே.”

அந்த வரி என்னுடையது. வெடியில் அவன் சட்டைப்பையிலிருந்த பழைய அட்டையும் கருகிவிட்டது. புது அட்டைக்கு மனு எழுதிக்கொடுத்தவன் நான். அவனுக்கு மோவாயில் மச்சம் ஒன்று இருக்கிறது. மச்சம் எல்லாருக்கும்தான் இருக்கும், இதை எழுதினால் எந்த அதிகாரியும் மறுபேச்சுப் பேச முடியாது என்று பெரிய மேதாவித்தனமாகக் கால் இல்லாததை எழுதினேன். கால் திரும்பவும் வரும் என்று யார் நினைத்தார்கள்?

“ஐயா, இது இவன்தான். இப்பத்தான நீங்களே வெளிய அனுப்பினீங்க?” என்றேன்.

“நான் வெளிய அனுப்புன ஆளுக்கு ஒரு கால். இப்ப வந்திருக்கிற ஆளுக்கு ரெண்டு. அட்டையோட பொருந்தல. அடையாளத்தப் பாக்கணும்.”

கோ லுன் மௌங் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு லுங்கியைத் தூக்கினான். பின்னால் நாற்பது பேர், பெண்கள் பாதி. வாரை அவிழ்த்துக் காலை உருவிக் கவுண்டர்மேல் வைத்தான். துணி உறையில் ஒரு நாணய அகலத்துக்கு ரத்தம் ஊறியிருந்தது. ஒற்றைக் காலில் நின்று மீதிக் காலைக் காட்டினான். வரிசையில் சில பேர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஊ மின் ஹான் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், தலையசைத்தார்.

“சரி. பொருந்துது.” முத்திரையைக் குத்தினார். பிறகு கவுண்டர்மேல் இருந்த காலைப் பேனாவால் தொட்டார். “இது?”

“என் கால்ங்க,” என்றான்.

“மாட்டல. கவுண்டர்மேல இருக்கு. கையில வர்ற பொருள்.”

“இப்பப் போட்டுக்கிறேன்.”

“போட்டா அட்டையோட பொருந்தாது. கேட்டுக்கிட்ட இன்னொருத்தர் அட்டையப் பாப்பாரு. நான் தப்பா விட்டேன்னு என் பேர்லதான் வரும்.”

அப்போதுதான் நான் கத்தினேன். பதினெட்டு வருடத்தில் அந்த ஜன்னலில் அப்படிக் கத்தியதில்லை. “அப்பக் கால மாட்டினா ஆளு உள்ள வரக்கூடாது, கழட்டினா காலு உள்ள வரக்கூடாது. ரெண்டும் சேந்து வீட்டுக்குப் போக என்ன வழி? நீங்களே சொல்லுங்க. அவனத் தலைகீழா நடந்து வரச் சொல்றீங்களா?”

அவர் கோபப்படவில்லை. அந்த மனிதருக்குக் கோபம்கூட வராது. “வழி இருக்கு சயா. அட்டைய மாத்துங்க. அடையாளத்த மாத்தி மனு போடுங்க. மூணு மாசத்துல வந்துடும். நீங்கதான எழுதுவீங்க?”

“திங்கக்கிழம வேலைங்க,” என்றாள் மா ஸபே. காலையிலிருந்து அவள் குரல் உயரவில்லை, இப்போதும் உயரவில்லை. “மூணு மாசம் யாரும் நிறுத்தி வைக்க மாட்டாங்க. நான் ஒழுங்கா கேட்டு வழியாத்தானே வந்தேன். ஒரு பொருளும் மறைக்கலயே.”

“அதனாலதாம்மா இவ்வளவு நேரம் பேசிட்டிருக்கேன்.” பெரிய உபகாரம் செய்கிற முகத்தோடு சொன்னார். “கால அந்தப் பக்கமே கொண்டுபோய் வச்சுடுங்க. அவரு ஊணுகோலோட உள்ள வரட்டும். பாஸ் முத்திரை போட்டாச்சு.”

கோ லுன் மௌங் கையை நீட்டிக் காலை எடுத்தான். நின்றபடியே, மா ஸபேயின் தோளைப் பிடித்துக்கொண்டு மாட்டினான். வாரைக் கட்டினான். பிறகு ஊ மின் ஹானை நேராகப் பார்த்துச் சொன்னான்.

“ஊணுகோலோட வர மாட்டேன். உங்க முன்னாடி ஒரு தடவ கழட்டியாச்சு. இனிமே கழட்ட மாட்டேன்.”

“அப்ப உள்ள விட முடியாது.”

“வேணாம்.”

திரும்பி, வந்த வழியே பாலத்தில் நடக்க ஆரம்பித்தான். மா ஸபே ஊன்றுகோல்களைக் கம்பி வழியாக என்னிடம் கொடுத்தாள். அவர்கள் போகப்போகிற இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு வழி எது இருந்தது? அக்கரையில் பாலத்தின் முனையில் இறங்கி, படிக்கட்டு வழியாகத் தண்ணீருக்குப் போனார்கள். படி ஒவ்வொன்றிலும் நின்று நின்று இறங்கினான். போ தோக் டியூபைக் கரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். புருஷனும் பெண்டாட்டியும் நடுவில் உட்கார்ந்தார்கள், எதிரே யாருடையதோ ஒரு மின்விசிறிப் பெட்டி.

நான் எங்கள் பக்கக் கரைக்கு ஓடினேன். வயதும் ஆகிவிட்டது, மூச்சு வாங்கியது. டியூப் வந்து மண்ணில் தட்டியது. குடைக்காரன் டப்பாவை நீட்டினான்.

“என்ன சாமான்?”

“கால்,” என்றான் கோ லுன் மௌங்.

“ஒண்ணுதானா? இருபது.”

அவ்வளவுதான். புத்தகமும் இல்லை, அட்டையும் இல்லை. மேலே கவுண்டர் ஜன்னலில் ஊ மின் ஹான் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார் என்று நான் எந்தப் பகோடாவிலும் சத்தியம் செய்வேன். பிறகு உள்ளே திரும்பி, “அடுத்து” என்று கூப்பிட்டார்.

கரையிலிருந்து ரோட்டுக்கு ஏற ஒரு ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் நாணல், நடுவில் சேறு. அதில் தினம் நூறு பேர் ஏறி இறங்குகிறார்கள், ஒரு பயமும் கிடையாது. ஆனால் மா ஸபேக்கு அதுவும் அந்தக் காட்டுவழிதான். ஐந்து வருடமாக ரோட்டை விட்டு இறங்காதவள் அதன் முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் அடியை அழுத்தி வைத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

“நான் வச்ச இடத்துலயே வைங்க. வேற எங்கயும் வைக்காதீங்க.”

அவள் ஒவ்வொரு அடியாக முன்னால் போக, அவன் அவளுடைய கால்தடத்துக்குள் நீல ஷூவை வைத்து வைத்து ஏறினான். நான் பின்னாலிருந்து கை கொடுக்கப் போனேன். “நீங்க நில்லுங்க சயா,” என்று என்னைத் தடுத்துவிட்டாள். ரோட்டுக்கு வந்து சேர்ந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், ஊன்றுகோல் இல்லாமல். அந்தக் காலோடு வெறுந்தரையில் எப்படி உட்காருவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆலையைச் சுற்றி நடந்து காட்டியிருக்கிறான். வேலை கிடைத்துவிட்டது. சாயங்காலம் மா ஸபே என் மேஜைக்கு வந்து சொன்னாள். ஊ அய்க் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல கால் இல்லன்னு போட்டிருக்கே” என்று கேட்டாராம். இவன் லுங்கியை நாலு விரல் அளவு தூக்கினானாம். பிளாஸ்டிக்கைப் பார்த்துவிட்டு, “ஓ” என்று சொல்லிக் காவலாளி விசிலைக் கையில் கொடுத்துவிட்டாராம். ஒரு அரிசி வியாபாரி. அவருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. அடங்காமல் ஒரு மனுத் தாளை எடுத்து மேஜையில் விரித்தேன். வாரை மாற்ற ஆறு மாதம் கழித்து மறுபடி அக்கரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் புது அட்டை வந்துவிடும்.

“காசு வேணாம் தங்கச்சி. என் தப்பு, நானே திருத்துறேன். அடையாளம், மோவாயில் மச்சம். அடுத்த தடவ மேல கேட்டுல ஒருத்தன் வாய் திறக்க முடியாது.”

அவள் தாளைப் பார்த்தாள். அப்புறம் அதை மடித்து என் பக்கமே தள்ளினாள்.

“வேணாம் சயா. அடுத்த தடவ கீழயே போய்க்கிறோம். அங்க யாரும் அவரக் கழட்டச் சொல்லல.”